அம்மாவின் வலது முட்டி

என் அம்மாவும் அப்பாவும் ராஜபாளையத்தில் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். அப்பா ஸ்பின்னிங்கில் பிட்டர். மிஷின் நின்றுபோனால் ஓட வைப்பது அவர் பொறுப்பு. அம்மா ரீலிங்கில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கும் வேலை. ஷிப்ட் முழுக்க நிற்கவேண்டும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார் என்பதைவிட, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்பதால்தான் உட்காருவதில்லை என்று அம்மா சொல்லுவாள்.

மில்லுக்குள் இருக்கிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவர்களை விடவில்லை. அடுக்களையிலிருந்து அம்மா கையைத் திருப்பிக் காட்டுவாள், முற்றத்தில் இருக்கும் அப்பா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். சண்டைகூடச் சில நாள் கையாலேயே நடக்கும். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் அம்மாவுக்கு முட்டிவலி தொடங்கியது. முதலில் படி ஏறும்போது மட்டும் வலித்தது. பொறுத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். எனக்குக் கல்யாணமாகி நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வந்த சமயத்தில், அவள் பஸ் படியில் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுத்துக்கொண்டுதான் ஏறுவாள். தைலம் தேய்த்தாயிற்று, பற்றுப் போட்டாயிற்று, முட்டிக்குள் ஊசி போட்டும் பார்த்தாயிற்று. கடைசியில் வேலையை விட்டாள். வலது கால் வில்லாக வளைந்து, நடக்கும்போது உடம்பே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அப்பாதான் மதுரையில் முட்டியை மாற்றி வைக்கிற ஆபரேஷனைப் பற்றிக் கேட்டறிந்து வந்தார். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. "எலும்பை அறுத்து எடுத்துட்டு இரும்பை வச்சுருவாகளாம்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அம்மா மாட்டேன் என்றாள்.

"ஏட்டி, மில்லுல ஒரு பேரிங் தேஞ்சுபோச்சுன்னா என்ன செய்வோம்? மாத்துவோம்ல. அம்புட்டுத்தான்" என்றார் அப்பா.

"மிஷினுக்கு வலிக்காதுங்க."

"வலிச்சா நான் இருக்கேன்ல."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சம்மதித்தாள் என்று நினைக்கிறேன். வலது முட்டியை முதலில் மாற்றுவது, அது சரியானதும் இடதைப் பார்ப்பது என்று முடிவானது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வளைந்த கால் நேராகிவிட்டது. அதைப் பார்த்து அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு வெள்ளைத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ஆனால் டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னது ஒன்றுதான்: நாங்கள் செய்தது பாதி வேலை, மீதி உங்கள் கையில். முட்டியைத் தினமும் மடக்கி நீட்டவேண்டும். தொண்ணூறு டிகிரியாவது மடங்கவேண்டும். விட்டுவிட்டால் உள்ளே தசை ஒட்டிக்கொள்ளும், பிறகு மடங்காது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போதுதான் ஒரு இளைஞர் பிசியோதெரபி படித்து முடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் கிளினிக் வைத்திருந்தார். என் கணவர் அவரிடம் பேசி ஏற்பாடு செய்தார். வாரத்தில் சில நாள் அவர் ராஜபாளையம் வருவார், மற்ற நாள் வீட்டு ஆட்களே பயிற்சி கொடுக்கவேண்டும். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அம்மா அவரை டாக்டர் தம்பி என்பாள்.

முதல் நாள் நானும் போயிருந்தேன். அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். "முட்டியைக் கட்டிலோட சேத்து அமுக்குங்கம்மா" என்றார். அம்மாவின் நெற்றியில் வேர்வை பூத்தது. பிறகு குதிகாலைக் கட்டிலோடு தேய்த்து மெல்லத் தன் பக்கமாக இழுக்கச் சொன்னார். கொஞ்ச தூரம்தான் வந்தது, கால் நடுங்கியது. தையல் போட்ட இடம் சிவந்து, பளபளவென்று, தொடவே பயமாக இருந்தது. அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"சார், நீங்க உள்ள வாங்க. நான் வராத நாள்ல நீங்கதான் செய்யணும்" என்று டாக்டர் தம்பி கூப்பிட்டார்.

"எனக்கு அவ மொகத்தப் பாக்க முடியல தம்பி."

"மொகத்தப் பாக்காதீங்க, முட்டியப் பாருங்க."

அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தினார். எத்தனையோ மிஷின்களின் எண்ணெய் ஏறிக் கறுத்த கை அது. அம்மாவின் காலை அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. அம்மா கூச்சப்பட்டுச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு காலையும் மாலையும் அவர்தான். மெதுவாக மடக்கி, எண்ணிக்கொண்டே பிடித்து வைத்திருந்து, மெதுவாக விடுவார். அம்மா கத்தமாட்டாள். வலி தாங்கமுடியாத இடம் வந்தால் கையைத் தூக்கி விரல்களை மடக்குவாள். மிஷினை நிறுத்து என்பதற்கு மில்லில் உள்ள சைகை அது. அப்பா உடனே நிறுத்துவார். செத்த நேரம் கழித்து, இன்னும் கொஞ்சம் என்று அவரும் கையாலேயே கேட்பார். பல நாள் அந்த அறையில் பேச்சே இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போது நான் கதவருகில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் எதையோ கலைத்துவிடுவேன் போலிருக்கும்.

பயிற்சி முடிந்ததும் வீக்கம் வற்ற ஐஸ் வைக்கவேண்டும். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடம் பிரிட்ஜ் இருந்தது. முதலில் அவர்தான் கிண்ணத்தில் ஐஸ் கட்டிகளைக் கொடுத்தனுப்பினார். ஆனால் கரண்ட் அடிக்கடி போகும். போதாததற்குத் தினமும் போய் ஒருவர் வாசலில் நிற்க அப்பாவுக்குக் கூச்சம். தூக்குவாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போய் உடைத்த ஐஸ் வாங்கி வருவார். வந்ததும் அதைத் துண்டில் கொட்டி, மடித்து, முட்டியைச் சுற்றி வைத்து, ஜில்லென்று இருக்கிறதா என்று தன் கையையும் அதன்மேல் வைத்துக்கொள்வார். அந்த நேரத்தில்தான் அம்மா தூங்குவாள்.

முட்டி கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. டாக்டர் தம்பி பிளாஸ்டிக் கோணமானியை முட்டியில் வைத்து அளந்து, "பரவால்லயே, இன்னும் கொஞ்சந்தான்" என்றார். அம்மா வாக்கரைப் பிடித்து முற்றம் வரை நடந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டாள். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொன்னார்.

ஒரு நாள் காலை, பயிற்சி முடிந்து ஐஸ் வாங்கப் போனவர் ஐஸ் கம்பெனி வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

இங்கே அம்மா முட்டிக்கு அடியில் துண்டு வைத்தபடி படுத்துக் காத்திருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாதான் செய்தியைக் கேட்டு ஓடி வந்தவர். "என்னக்கா, அவியளுக்கு ஐஸ் கெடைக்கலையா?" என்று அம்மா கேட்டாளாம். அதை அவர் என்னிடம் சொல்லும்போதெல்லாம் அழுதுவிடுவார்.

எனக்குத் தகவல் வந்து, நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முன் அறையில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றிலும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அம்மா மட்டும் நாற்காலியில் இருந்தாள். அத்தனை பேருக்கும் மேலே, தனியாக, வாக்கரைப் பிடித்துக்கொண்டு. யாருடைய தோளும் அவளுக்கு எட்டவில்லை. அழுகிறவர்கள் அவள் பாதத்தைத்தான் பிடித்துக்கொண்டு அழமுடிந்தது.

"என்னைக் கீழ எறக்கி விடுங்க" என்றாள்.

"வேண்டாம் மதினி, கால் தாங்காது" என்றார் என் சின்ன அத்தை, அப்பாவின் தங்கை.

"அவிய பக்கத்துல உக்காரணும். எறக்கி விடுங்க."

நானும் அத்தையும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். இடது முட்டி ஏற்கெனவே தேய்ந்துபோனது, வலது முட்டி புதியது. எதுவும் ஒத்துழைக்கவில்லை. பாதி வழியில் அவள் கத்திவிட்டாள். ஆபரேஷனுக்கும் கத்தாதவள், அத்தனை நாள் பயிற்சியிலும் கத்தாதவள். தரையில் உட்கார்ந்தபோது, காலையிலிருந்தே வீங்கியிருந்த வலது கால் மடங்காமல் நேரே நீண்டு, அப்பாவின் தோளுக்கு எதிரே போய் நின்றது.

அறையில் இருந்த வயதான ஒருத்தி, ஆபரேஷன் விஷயம் தெரியாமல்தான், "ஏத்தா, காலை நீட்டாத. மடக்கிக்கோ" என்றாள்.

அம்மா இரண்டு கைகளாலும் தொடையைப் பிடித்து இழுத்தாள். கால் வரவில்லை. மறுபடி இழுத்தாள். பிறகு முந்தானையை எடுத்துப் பாதத்தின் மேல் போட்டு மூடினாள். அது சரிந்தது. மறுபடி மூடினாள். அப்பாவை எடுத்துக்கொண்டு போகும் வரை அவள் அழவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பாதம் மூடியிருக்கிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிளை யாரோ மறுநாள் கொண்டுவந்து விட்டார்கள். கைப்பிடியில் தூக்குவாளி மாட்டியபடியே இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.

காரியம் முடிந்ததும் டாக்டர் தம்பி வந்தார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "போதும் தம்பி. இனி வேண்டாம்."

"விட்டுட்டா கட்டையா போயிரும்மா."

"போகட்டும். எதுக்கு மடக்கணும்? ஆரு முன்னால உக்காரணும்?"

அவர் கிளம்பிப் போனார். இன்னும் சில தடவை வந்தார். வரும்போதெல்லாம் அவள் போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

நான் அவளை மடவார் வளாகத்துக்கு, என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாதங்கள் போயின. டாக்டர் தம்பி சொன்னபடியே முட்டி இறுகிவிட்டது. அதோடு வலியும் வந்தது. நடந்தால் வலி, படுத்தால் வலி, சும்மா இருந்தாலும் வலி. கால் நேராக இருந்தது, அவ்வளவுதான். மதுரைக்குக் கூட்டிப்போனோம். மயக்க மருந்து கொடுத்து ஒரு தடவை அழுத்தி மடக்கிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அம்மா எழுந்து வாக்கரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கால் நீட்ட இடமில்லாமல், கிருஷ்ணன்கோவில் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அங்கே காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். ஒரு பெண் தெரியாமல் அவள் பாதத்தை மிதித்துவிட்டு, "சாரி ஆன்ட்டி" என்றாள். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் விழுந்து, "என்னால முடியலைட்டி, எதையாச்சும் செய்யி" என்றாள்.

மறுநாள் நான் கிளினிக்குக்குப் போய் டாக்டர் தம்பியிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூட்டிட்டு வாங்க. மடக்கச் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

மாடிப்படி அம்மாவுக்கு ஆகாது என்று அவர் கீழே ஒரு கடைக்காரரிடம் கேட்டு, கடையின் பின்னறையில் ஒரு பெஞ்சைப் போட்டுவைத்திருந்தார். அந்தக் கடைக்காரர் ஒரு பாய், செருப்பு வியாபாரம். அம்மா வருகிற நேரத்தில் அந்தப் பக்கம் வராமல் முன்னாலேயே இருந்துகொள்வார்.

ஐஸ் வைக்கலாமா என்று டாக்டர் தம்பி கேட்டதும் அம்மா முகம் மாறிவிட்டது. "அது மட்டும் வேண்டாம்" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பதிலாக மெழுகை உருக்கிப் பொறுக்கும் சூட்டில் முட்டிமேல் தடவித் துணியால் சுற்றினார். சில நாள் முட்டியின் இரண்டு பக்கமும் பட்டைகளை ஒட்டி, சின்ன மிஷினில் லேசாகக் கரண்ட் வைத்தார். "எறும்பு ஊறுத மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. சூடு கொடுக்கிற பெரிய மிஷின் ஒன்றும் இருந்தது. முட்டிக்குள் இரும்பு இருப்பதால் அது ஆகாது என்றார். தழும்பைச் சுற்றி விரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்துவிட எனக்கும் சொல்லிக்கொடுத்தார். மடக்குவதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

மெழுகு ஆறும் வரை சும்மா படுத்திருக்கவேண்டும். அப்படி ஒரு நாள் படுத்திருந்தபோது அம்மா தானாகப் பேச ஆரம்பித்தாள்.

"தம்பி, அன்னைக்கு நான் கையைத் தூக்கியிருந்தா நிறுத்தியிருப்பாக. அன்னைக்கு எனக்கு ரொம்ப வலி. ஆனா தூக்கல. அவிய சந்தோசமா இருந்தாக. தொண்ணூறு வந்துரும் வந்துரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. நல்லா அமுக்குனாக. அதுனாலதான் வீங்கிருச்சு. வீங்குனதுனாலதான் வேகமாப் போனாக, சைக்கிள மிதிச்சுக்கிட்டு."

டாக்டர் தம்பி துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். "அது நெஞ்சுவலிம்மா. வீட்ல இருந்தாலும் வந்திருக்கும்" என்றார் கடைசியில்.

"வந்திருக்கும். ஆனா வீட்ல இருந்திருப்பாகல்ல."

அப்போதுதான் அழுதாள். அப்பா போனதிலிருந்து நான் பார்க்காத அழுகை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க, ரொம்ப நேரம் அழுதாள். முன்பக்கம் செருப்பு விலை பேசிக்கொண்டிருந்த குரல்கள் நின்றுபோயின. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழுது முடித்தபோது மெழுகு ஆறி, கட்டியாகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. வலி ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் படுத்திருக்கும்போது வரும் வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. தூக்கம் வந்தது. தூக்கம் வந்ததும் பசி வந்தது. ஒரு நாள் அவளே குதிகாலைப் பெஞ்சோடு தேய்த்து இழுத்துப் பார்த்தாள். டாக்டர் தம்பி கவனித்தும் கவனிக்காதது போல இருந்தார். அவர் மறுபடி மடக்க ஆரம்பித்தபோது அம்மா தடுக்கவில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற அளவுக்கு மடங்கியது. அதற்குமேல் வரவில்லை. தொண்ணூறை அது தொடவே இல்லை.

அவர் பிறகு வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். அவரோடு படித்தவர்களில் பல பேர் அப்போது அப்படித்தான் போனார்கள். சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தார். அம்மா என்னைப் பால்கோவா வாங்கிவரச் சொல்லி, அவர் கையில் கொடுத்தாள். "அங்க குளுருமாமே, ஒடம்பப் பாத்துக்கங்க" என்றாள். அவர் தெருமுனை திரும்பும் வரை சன்னலில் நின்றாள். அவ்வளவு நேரம் நிற்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அம்மா பிடிவாதமாக ராஜபாளையம் வீட்டுக்கே திரும்பிப் போனாள். கைத்தடியோடு கடைக்குப் போய்வருவாள். நேர் வழியில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அது ஐஸ் கம்பெனி வழியாகப் போகிற தெரு. அவள் சுற்றுவழியாகத்தான் போனாள். கால் கெஞ்சினாலும் அப்படித்தான்.

இடது முட்டி நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வந்தது. அதையும் மாற்றிவிடலாம் என்று நான் கேட்டுப் பார்த்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அதைப் பிடிச்சு மடக்க ஆரு இருக்கா?" என்றாள்.

"நான் இருக்கேம்மா."

"நீ பாதியிலயே அழுதுருவ."

நான் அழமாட்டேன் என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்து, பொய்யாக அதட்டுகிற மாதிரி, "பாத்தியா" என்றாள். பிறகு வெங்காயத் தோலை முறத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, "இது இப்பிடியே இருக்கட்டும்ட்டி. எனக்குப் பழகிப்போச்சு" என்றாள்.

அந்த முட்டியை அவள் மாற்றிக்கொள்ளவே இல்லை. ஒரு கால் நேராகவும் ஒரு கால் வளைந்தும், சாய்ந்து சாய்ந்து நடந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை போனால், கட்டிலில் படுத்து வலது காலை என் மடியில் வைப்பாள். நான் தேங்காயெண்ணெய் தொட்டுத் தழும்பைச் சுற்றித் தேய்த்துவிடுவேன். பேசிக்கொண்டே இருப்பவள், கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்று தூங்கிவிடுவாள். காலை எடுத்தால் விழித்துவிடுவாள் என்று, கடைசி பஸ்ஸைப் பற்றி நினைத்தபடி, நான் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.